ஒரு சாண் தூரத்தில் தீக்குச்சி

“பருத்தி எடுத்த வீட்டுப் பிள்ளை. வெள்ளைச் சேலை கட்டிட்டா மட்டும் யாரு இதுகிட்டக் கையை நீட்டப்போறா?”

மில் மானேஜர் இப்படிச் சொன்னபோது நான் அவருடைய அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். கதவு சாத்தியிருந்தது, சன்னலைச் சாத்த மறந்துவிட்டார்கள். மில் மருந்தகத்துக்கு நர்சு தேவை என்ற விளம்பரத்தைப் பார்த்து வந்தவள் நான் ஒருத்திதான். உள்ளே மானேஜரோடு இருந்த டாக்டர், “காய்ச்சல் வந்தா நீட்டுவாங்க” என்றார். அவ்வளவுதான் நேர்முகத் தேர்வு.

அந்த மில்லிலிருந்து நான் விலகும்போது எனக்கு முப்பத்துநாலு வயது. இந்த வயதில் ஓய்வு பெற்றவளின் அனுபவம் என்று எழுதினால் சிலர் சிரிக்கக்கூடும். மருந்தகத்தில் இப்போது இருக்கும் இரண்டு இளைய நர்சுகள் சிரிக்கவில்லை. ஊதினால் மூச்சின் அளவைக் காட்டும் கருவி ஒன்று அங்கே புதிதாக வந்து இறங்கியிருக்கிறதாம். இதற்கு முன்னால் எதை வைத்து அளந்தீர்கள், இவ்வளவு சீக்கிரம் ஏன் வேலையை விட்டீர்கள் என்று கேட்டு வீடு தேடி வந்தார்கள். முதல் கேள்விக்குத் தீக்குச்சி என்று பதில் சொன்னேன். இரண்டாவது கேள்விக்குத்தான் இந்தக் கட்டுரை.

திருச்சுழிப் பக்கம் எங்கள் ஊர். அம்மாவும் அப்பாவும் அடுத்தவர் காட்டில் பருத்தி எடுத்து, மிளகாய் பறித்து, மல்லி பிடுங்கி வளர்த்தார்கள். எங்கள் குடும்பத்தில் கைநாட்டு வைக்காமல் கையெழுத்துப் போட்ட முதல் ஆள் நான். இதைத் தாழ்ந்த குரலில் சொல்லி எனக்குப் பழக்கமில்லை. மதுரையில் நர்சுப் பயிற்சி எடுத்த மூன்று வருஷங்களைப் பற்றிப் பெரிதாக எழுத ஒன்றுமில்லை. தரை துடைத்தோம், ஊசி கொதிக்க வைத்தோம், மருந்துப் பெயர்களை இங்கிலீஷில் மனப்பாடம் செய்தோம். அப்பா என்ன செய்கிறார் என்று பக்கத்துக் கட்டில்காரிகள் கேட்டால், காட்டு வேலைக்குப் போகிறார், சொந்தக் காடு கிடையாது என்று முழுசாகச் சொல்லிவிடுவேன். பாதியைச் சொன்னால் மறுபடியும் கேட்பார்கள்.

அறுபதுகளின் நடுவில் மில்லில் சேர்ந்தேன். அருப்புக்கோட்டையைத் தாண்டி ரோட்டோரத்தில் இருந்தது மில். முதல் கேட்டுக்கும் இரண்டாவது கேட்டுக்கும் நடுவில் மருந்தகம். இரண்டாவது கேட்டுக்கு அப்பால் பஞ்சு. பேல் என்கிற பஞ்சுப் பொதிகளைப் பிரித்து உதறுகிற அறையைப் புளோரூம் என்பார்கள். அங்கிருந்து பஞ்சு கார்டிங்குக்குப் போகும்; கம்பிப் பற்கள் வைத்த உருளைகள் அதைச் சீவிக் கொடுக்கும். அதற்குப் பிறகுதான் நூல், சுற்று, கட்டு. கடைசியில், வீணான பஞ்சைக் கையால் உதறித் தரம் பிரிக்கிற வேஸ்ட் ரூம். அந்த அறைக்குள் போய் வந்தால் புருவத்தில் நரை விழுந்தது போலிருக்கும். பாலவனத்தத்திலிருந்தும் மல்லாங்கிணறு பக்கமிருந்தும் பஸ்ஸிலும் சைக்கிளிலும் ஆட்கள் வந்தார்கள்.

மானேஜர் சொன்னதில் ஒரு பகுதி நடக்கத்தான் செய்தது. முதல் மாதத்தில் சிலர் ஆயா கையால் மருந்து வாங்கிக்கொண்டு போனார்கள். அப்படி வந்தவர்களிடம், ஆயா லீவு போடாத நாளாகப் பார்த்துக் காய்ச்சலை வரச் சொல்லுங்கள் என்று சொல்லி அனுப்பினேன். சில மாதங்களில் அந்தப் பேச்சு ஓய்ந்தது.

டாக்டர் ராஜாமணி பட்டாளத்தில் இருந்து வந்தவர். வாரத்தில் மூன்று நாள் விருதுநகரிலிருந்து வருவார். மூட்டை தூக்குகிறவரிடமும் மானேஜரிடமும் ஒரே ‘நீங்க’தான். நோயாளி கதவிலிருந்து மேசை வரை நடந்து வருவதைப் பார்ப்பதற்காகவே மேசையைக் கதவுக்கு எதிர்ச் சுவரில் போட்டிருந்தார். என்ன செய்கிறது என்று எடுத்தவுடன் கேட்க மாட்டார். எந்தப் பிரிவில் வேலை என்று கேட்பார். அடுத்து, எந்தக் கிழமை வந்தது என்று கேட்பார். அதற்குப் பிறகுதான் பெயர். ஒவ்வொருவருக்கு முன்னும் பின்னும் கை கழுவுவார். கழுவும்போது பேச மாட்டார். அந்த நேரத்தில் நாம் ஏதாவது சொன்னால், கையைத் துடைத்து முடித்துவிட்டு, “மறுபடி சொல்லுங்க” என்பார்.

அவர் பீடி, சிகரெட் தொடாதவர். ஆனால் சட்டைப் பையில் எப்போதும் ஒரு தீப்பெட்டி இருக்கும். தொழிலாளிகளின் தீப்பெட்டியைக் கேட்டில் வாட்ச்மேன் வாங்கி வைத்துவிடுவார். டாக்டரை யாரும் தடவிப் பார்ப்பதில்லை.

அந்தத் தீப்பெட்டி எதற்கு என்பதை, நான் வேலைக்குச் சேர்ந்த வாரமே எனக்குக் கற்றுக்கொடுத்தார். ஆளை நிமிர்ந்து உட்கார வைக்க வேண்டும். விசிறியை நிறுத்தி, கதவைச் சாத்த வேண்டும். குச்சியைக் கிழித்ததும் சீறும் சுடர் அடங்கி நேராக நிற்கும்வரை பொறுத்து, உதட்டிலிருந்து ஒரு சாண் தூரத்தில் பிடிக்க வேண்டும். ஆள் ‘ஆ’ என்று சொல்வது போல வாயை அகலத் திறந்து ஒரே மூச்சில் ஊத வேண்டும். நல்ல நெஞ்சுக்காரர் ஊதினால் சுடர் உடனே அணைந்துவிடும். மூச்சுக்குழாய் சுருங்கியவர் என்னதான் ஊதினாலும் அது சாய்ந்து சாய்ந்து நிமிரும்.

“உதட்டைக் குவிச்சா சாகக் கிடக்கிறவர் கூட அணைச்சிடுவார். வாய் திறந்திருக்கணும். அதைப் பாருங்க, சுடரைப் பார்க்காதீங்க” என்றார். என்னையே ஊதச் சொன்னார். அணைந்தது. பருத்திக் காட்டில் வளர்ந்த நெஞ்சு, அணைக்காமல் என்ன செய்யும்?

திங்கட்கிழமை மத்தியானம் ஆனால் மருந்தகத் தாழ்வாரம் நிரம்பிவிடும். நெஞ்சில் கல்லை வைத்தது போலிருக்கிறது, மூச்சு பாதியில் நிற்கிறது, இருமல் வந்து சளி வரவில்லை. எல்லாருக்கும் ஒரே பேச்சு, எல்லாரும் புளோரூம், கார்டிங், வேஸ்ட் ரூம் ஆட்கள். செவ்வாய்க்கிழமை குறைந்துவிடும், புதனில் மறந்தே போவார்கள். எல்லாரையும் ஏமாற்றியது அதுதான். வருஷங்கள் ஏற ஏறச் செவ்வாயும் சேரும், பிறகு புதனும் சேரும். அப்போது வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

காரணம் என்னவென்று மருந்தகச் சுவரிலேயே எழுதியிருந்தது. ‘ஞாயிற்றுக்கிழமைகளில் எண்ணெய் ஸ்நானம் தவிர்க்கவும்’ என்று சிவப்புப் பெயிண்டில் ஒரு பலகை. நான் வருவதற்கு முன்பே மாட்டியது. ஞாயிறு லீவு. லீவு நாளில்தான் நிம்மதியாக எண்ணெய் தேய்த்து வெந்நீர் ஊற்ற முடியும். அந்தக் குளிர்ச்சி நெஞ்சில் இறங்கித் திங்கட்கிழமை மூச்சை அடைக்கிறது. நிர்வாகம் அப்படிச் சொன்னது. தொழிலாளிகளும் அதை நம்பினார்கள்; எண்ணெயை விட்ட பிறகும் மூச்சு அடைக்கிறது என்று ஒருவர் சொன்னால், ஒளித்துக் குளித்திருப்பார் என்றார்கள். லேபர் ஆபீசர் மட்டும் எண்ணெயோடு சாராயத்தையும் சேர்த்துக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை கூத்தடித்தால் திங்கட்கிழமை மூச்சு வாங்கத்தான் செய்யும் என்று என் முன்னாலேயே சொல்வார். திங்கட்கிழமைகளில் நிர்வாகம் ஆளுக்கொரு துண்டு கருப்பட்டி கொடுத்தது. தொண்டைத் தூசியை அது வயிற்றுக்கு இறக்கிவிடுமாம்.

எண்ணெய்தான் காரணம் என்றால் எங்கள் ஊரில் தேய்த்துக் குளிக்கிறவர்களுக்கெல்லாம் ஏன் வரவில்லை என்று கார்டிங் ஆட்களிடம் கேட்டேன். காட்டு வேலையென்றால் வேர்வையோடு குளிர்ச்சி போய்விடும், மில் சூட்டுக்கு அது சேராது என்று எனக்கே விளக்கினார்கள். டாக்டரிடம் கேட்டேன். பஞ்சுத் தூசி இப்படிச் செய்யும் என்று சீமைப் புத்தகங்களில் இருக்கிறது என்றார். ஆனால் அதைக் காட்டினால் அது சீமைப் பஞ்சு, சீமை மில் என்பார்கள். இங்கே நடப்பதை இங்கே காட்ட வேண்டும். ஞாயிறு லீவும் எண்ணெயும் ஒன்றாகக் கட்டிக்கொண்டு நின்றதால் இரண்டையும் பிரிக்க வழியில்லாமல் இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் சீனியம்மாளின் காரியம் முற்றியது.

வேஸ்ட் ரூமில் பல வருஷமாகப் பஞ்சு உதறியவர். குள்ளமான உருவம், வாய்த்துடுக்கு. சாராயப் பேச்சை லேபர் ஆபீசர் எடுத்த ஒரு திங்கட்கிழமை, “எங்க வேஸ்ட் ரூமுப் பொம்பளைக அம்புட்டுப் பேரும் எந்தக் கடையில குடிக்கோம்னு சொல்லுங்கய்யா, நாங்களும் போயிப் பாத்துட்டு வாரோம்” என்று கேட்டவர் அவர்தான். இருமல் ஓயாததால் டவுனில் ஒரு வைத்தியர் டி.பி. என்று சொல்லி மாதக்கணக்கில் ஊசி போட்டிருந்தார். ஒரு குணமும் இல்லை. எங்கள் டாக்டர் மூன்று தடவை சளியை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். மூன்று தடவையும் கிருமி இல்லை. நெஞ்சுப் படமும் சுத்தம். ஆனால் டி.பி. என்ற பெயர் டவுனிலிருந்து பாலவனத்தத்துக்கு அவருக்கு முன்னால் பஸ் ஏறிப் போய்விட்டது.

லேபர் ஆபீசர் மருந்தகத்துக்கே வந்து, டி.பி. என்று எழுதிக் கொடுத்தால் கணக்கு முடித்து அனுப்பிவிடலாம் என்றார். கிருமி இல்லை, எழுத மாட்டேன் என்றார் டாக்டர். அப்படியானால் உடல் தகுதியில்லை என்று எழுதுங்கள், எண்ணெய்க் குளியல் என்று வேண்டுமானாலும் எழுதுங்கள், அந்த அம்மாள் சொன்னால் கேட்பதில்லை என்றார். சீனியம்மாள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்று இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார்.

“நீங்க எப்படி எழுதுனாலும் நான் வீட்டுக்குத்தான் போகப்போறேன், அது எனக்குத் தெரியுதுங்கய்யா” என்றார். ஒரு வாக்கியம் பேசிவிட்டு மூச்சுக்குக் காத்திருந்து அடுத்த வாக்கியத்தை எடுத்தார். “எதுனால இப்படி ஆச்சுன்னு ஒரு வரி சேத்து எழுதிக் குடுங்க. எம் மருமக எனக்குன்னு தனியா ஒரு தம்ளரு வச்சிருக்கா. பேரப்பிள்ளையைத் தொட விட மாட்டேங்கா. அந்த வரியைக் கொண்டுபோயி அவகிட்டக் குடுக்கணும்.”

பரிசோதனை இன்னும் முடியவில்லை, அதுவரை இவரை நிறுத்தக் கூடாது என்று டாக்டர் லேபர் ஆபீசரிடம் சொல்லி அனுப்பினார். என்ன பரிசோதனை என்று அப்போது அவருக்கே தெரியாது.

வழி மின்வெட்டில் பிறந்தது. அந்த வருஷம் மழை பொய்த்து மின்சாரத்துக்குத் தட்டுப்பாடு. மில்கள் எல்லாம் ஒரே நாளில் லீவு விடாமல் ஆளுக்கொரு நாள் விட வேண்டும் என்று உத்தரவு வந்தது. எங்கள் மில்லுக்கு வியாழக்கிழமை. கேட்டில் ஒட்டிய அறிவிப்பைப் படித்துவிட்டு ஆட்கள் புலம்பினார்கள். பிள்ளைகளுக்கு ஞாயிறு லீவு, நமக்கு வியாழனா, இனி பெண்டாட்டியை எந்த நாளில் மாமனார் வீட்டுக்குக் கூட்டிப்போவது என்று ஒருவர் கேட்டார். நான் அந்த அறிவிப்பின் முன்னால் நின்றவள் நின்றபடியே இருந்தேன்.

எங்கள் பக்கத்தில் வியாழக்கிழமை யாரும் தலைக்கு எண்ணெய் வைக்க மாட்டார்கள். ஆண்களுக்குப் புதனும் சனியும், பெண்களுக்குச் செவ்வாயும் வெள்ளியும். ஞாயிற்றுக்கிழமைக் குளியல் மில் வந்த பிறகு வந்த பழக்கம், லீவுக்காக வளைந்துகொண்டது. வியாழன் மட்டும் வளையாது. குடும்பத்துக்கு ஆகாது என்று சின்னப் பிள்ளை கூடச் சொல்லும். இனி லீவு இருக்கும், எண்ணெய் இருக்காது. இரண்டும் பிரிந்துவிட்டன.

டாக்டர் கை கழுவிக்கொண்டிருந்தபோது இதைச் சொல்லிவிட்டேன். துடைத்து முடித்துவிட்டு, மறுபடி சொல்லச் சொன்னார். சொன்னேன். என் வாழ்க்கையில் யாரும் நான் சொன்னதை அவ்வளவு கவனமாகக் கேட்டதில்லை.

“புதன், வெள்ளி. ரெண்டு நாளும். உள்ளே போகும்போது ஒரு தடவை, வெளியே வரும்போது ஒரு தடவை. எல்லாருக்கும் ஒரே சாண்.” தம் கையை விரித்துப் பார்த்துவிட்டு மடக்கிக்கொண்டார். “என் கை வேண்டாம், நான் தினம் வர்றதில்லை. உங்க கைதான் அளவு.”

புதன்கிழமை காலையில் தாழ்வாரத்தில் ஆரம்பித்தோம். பிரிவு பிரிவாக வந்து உட்கார்ந்தார்கள். வாயைத் திறந்து ஊதுவதில் ஏகப்பட்ட கேலி. நர்சம்மா நமக்குப் பிறந்தநாள் கொண்டாடுகிறாள் என்றார்கள்; மீசை பத்திரம் என்றார்கள். நான் சுடரைப் பார்க்காமல் வாயைப் பார்த்தேன். உதட்டைக் குவித்தவர்களை மறுபடி ஊதவைத்தேன். புதன் மாலை பெரும்பாலோர் அணைத்துவிட்டார்கள். சீனியம்மாள்கூட இரண்டாவது முயற்சியில் அணைத்தார். வெள்ளிக்கிழமை காலை இன்னும் சுலபமாக அணைந்தது; ஒருநாள் ஓய்வு கிடைத்த நெஞ்சு.

வெள்ளி மாலை ஷிப்ட் முடிந்து வந்தார்கள். நூல் சுற்றுகிற பெண்கள் சிரித்துக்கொண்டே அணைத்தார்கள். பிறகு கார்டிங். முதல் ஆள் ஊதினார், சுடர் சாய்ந்து நிமிர்ந்தது. இரண்டாவது ஆள் ஊதினார், அதேதான். வேஸ்ட் ரூம் வந்தபோது தாழ்வாரத்தில் கேலி நின்றுவிட்டது. சீனியம்மாள் ஊத ஊதக் குச்சி எரிந்து என் விரல் வரை வந்தது. நான் அதைத் தட்டில் போட்டேன்.

“தாயி,” என்றார், “நான் தலைக்கு எண்ணெய் வச்சு ஒரு வாரமாச்சு. நேத்துப் பச்சத்தண்ணி கூட ஊத்தலை.”

பின்னாலிருந்து கார்டிங் ஆள் ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னது எல்லாருக்கும் கேட்டது: “ஏலே, எண்ணெய் மேல பழியைப் போட்டுட்டு இத்தனை வருசமா வறட்டுத் தலையோட திரிஞ்சோமேடா.”

அடுத்த வாரமும் வெள்ளிக்கிழமைதான் நெஞ்சு அடைத்தது. திங்கட்கிழமைத் தாழ்வாரம் காலியாகக் கிடந்தது. லீவு நகர்ந்ததும் நோயும் நகர்ந்துவிட்டது. மூன்றாவது வாரம் மருந்தகக் கதவில் ஒரு சுற்றறிக்கை ஒட்டினார்கள். பஞ்சு இருக்கும் இடம், தீ ஆபத்து, மில் எல்லைக்குள் யாரும் எக்காரணத்தை முன்னிட்டும் தீக்குச்சி கிழிக்கக் கூடாது. லேபர் ஆபீசரின் கையெழுத்து. இத்தனை வருஷமாக டாக்டர் பையில் இருந்த தீப்பெட்டி அன்றுதான் அவர்கள் கண்ணில் பட்டது.

டாக்டர் அதை இரண்டு தடவை வாசித்தார். “மில் எல்லைக்குள்ளனுதான் எழுதியிருக்கார்” என்றார். எனக்கு அது போதும்.

மில்லுக்கு எதிரே, பஸ் நிற்கும் இடத்தில் பெருமாள் அண்ணனின் டீக்கடை. அவரிடம் போய், காலையிலும் மாலையிலும் கொஞ்ச நேரம் ஒரு பெஞ்சு வேண்டும் என்று கேட்டேன். காற்றடிக்காமல் இருக்கச் சாக்கையும் அவரே கட்டிவிட்டார். “தீப்பெட்டி நம்ம பக்கத்துச் சரக்கு, நர்சம்மா. எம்புட்டு வேணும்னாலும் கிழிங்க. டீ மட்டும் குடிச்சிட்டுப் போகச் சொல்லுங்க” என்றார். வேலை நேரத்துக்கு முன்னும் பின்னும் நான் என்ன செய்கிறேன் என்று மில் கேட்க முடியாது. வெள்ளைச் சேலையைக் கழற்றி மடித்து வைத்துவிட்டுச் சொந்தச் சேலையில் போய் உட்கார்ந்தேன். அந்த வெள்ளிக்கிழமை டாக்டரும் வந்து ரோட்டோரம் வெயிலில் நின்று டீ குடித்தார்.

உள்ளே தாழ்வாரத்தில் நடந்தது மில் ஆட்களுக்கு மட்டும் தெரியும். இங்கே பஸ்ஸில் வந்தவர், போனவர் எல்லாம் பார்த்தார்கள். சும்மா நின்றவர்களும் தமக்கும் பிடிக்கச் சொன்னார்கள். மல்லாங்கிணற்றிலிருந்து வந்த மிளகாய் வியாபாரி அணைத்தார், பஸ் கண்டக்டர் அணைத்தார். பருத்தியில் கொட்டை பிரிக்கிற டவுன் ஜின்னிங் ஆலைகளுக்கு வண்டி ஓட்டுகிற ஒருவர், மில் வாசலை மிதிக்காதவர், அணைக்க முடியாமல் எழுந்து போனார். அதை அப்போது மனதில் மட்டும் வைத்துக்கொண்டேன்.

லேபர் ஆபீசர் ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். கூட்டம் வழிவிட்டது. இதெல்லாம் வித்தை, யார் ஊதினாலும் அணையும் என்று சொல்லி, பெஞ்சில் உட்கார்ந்து எனக்கு முன்னால் வாயைத் திறந்தார். மற்றவர்களுக்குப் பிடித்த அதே சாண் தூரத்தில் பிடித்தேன். ஊதினார், அணைந்தது. பார்த்தீங்களா என்பது போலத் திரும்பிக் கூட்டத்தைப் பார்த்தார்.

சாக்கு மறைப்பைப் பிடித்துக்கொண்டு நின்ற சீனியம்மாள் நிதானமாகச் சொன்னார்: “அய்யா ஆபீஸ்ல இருக்கீக. அதான் அணையுது.”

பெருமாள் அண்ணன்தான் முதலில் சிரித்தார். பிறகு பஸ் ஸ்டாப் முழுவதும் சிரித்தது. ஸ்கூட்டர் போனபின் டாக்டர் டீ கிளாஸை வைத்துவிட்டு, பெஞ்சிலேயே உட்கார்ந்து எழுதினார். ‘பல வருடங்கள் பஞ்சுத் தூசியைச் சுவாசித்ததால் ஏற்பட்ட மூச்சுக்குழாய்ச் சுருக்கம். காசநோய் அல்ல.’ தமிழில் எழுதினார். மருமகள் படிக்க வேண்டுமே. எழுதியதை ஒருமுறை சத்தமாக வாசித்துக் காட்டினார்.

அடுத்த வாரம் தம்ளர் என்ன ஆனது என்று சீனியம்மாளிடம் கேட்டேன். மருமகள் எடுக்கவில்லையாம். “நானே எடுத்து மாட்டுக்குத் தவிடு அளக்கப் போட்டுட்டேன் தாயி. பேரன் இப்ப எம் மடியிலதான் தூங்குறான்” என்றார்.

வீட்டில் ஜெயித்துவிட்டார். மில்லில் அவ்வளவு சுலபமாக இல்லை. அவரை உடல் தகுதியில்லை என்று அனுப்பினார்கள். டாக்டரின் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. கடைசி நாளில் அவர் கை கழுவிவிட்டு என்னிடம் தீப்பெட்டியைக் கொடுப்பார் என்று யாராவது எதிர்பார்த்தால், அவர் அப்படிப்பட்டவர் இல்லை. பையில் போட்டுக்கொண்டு போனார், விருதுநகரில் அவருக்கு நோயாளிகள் இருந்தார்கள். எண்ணெய்க் குளியல் பலகையை ஒருநாள் சத்தமில்லாமல் கழற்றினார்கள். கார்டிங்கில் தூசியை உறிஞ்சும் குழாய் போட்டார்கள். அதை அவர்களுடைய பெருந்தன்மை என்று இன்று சொல்கிறார்கள். நான் அங்கே இருந்தவள்.

சீனியம்மாள் யூனியன் மூலம் மதுரைத் தொழிலாளர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார். வழக்கு இழுத்துக்கொண்டே போக, நானும் மருந்தகத்தில் இருந்துகொண்டே இருந்தேன். சாட்சி விசாரணை நெருங்கியபோது மானேஜர் கூப்பிட்டார். முன்பிருந்தவர் இல்லை, புதியவர், மரியாதையானவர். மில் வேலையில் இருக்கிற நர்சு மில்லுக்கு எதிராகச் சாட்சி சொல்வது முறையாக இருக்காது என்றார். மில் பக்கத்துச் சாட்சியாக வந்தால் குவார்ட்டர்ஸ் வீடு காலியாக இருக்கிறது என்பதையும் சொன்னார். ஒருநாள் யோசித்துச் சொல்லும்படி கேட்டார். ஒருநாள் எதற்கு என்று, அவர் மேசையிலிருந்தே ஒரு தாளை எடுத்து ராஜினாமாவை எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். இளைய நர்சுகள் கேட்ட இரண்டாவது கேள்விக்குப் பதில் இதுதான்.

அம்மா மட்டும் அன்று சாப்பிடவில்லை. சம்பளம் வருகிற வேலையை உதறிவிட்டு வருகிறாயே என்றாள். சாட்சி சொல்ல மதுரைக்குப் போன அன்று அவளே சீனியம்மாளுக்கும் சேர்த்துக் கட்டுச்சோறு கட்டிக் கொடுத்து பஸ் ஏற்றிவிட்டாள்.

கூண்டில் மில் வக்கீல் என்னை நன்றாகவே கேட்டார். நீங்கள் டாக்டரா? இல்லை. தீக்குச்சி அறிவியல் கருவியா? டாக்டர் கற்றுக்கொடுத்த முறை. கடைசியில் அவர் தம் பெரிய கேள்விக்கு வந்தார். அருப்புக்கோட்டையில் ரோடெல்லாம் புழுதி, லாரிப் புகை, சூளைப் புகை, ஜின்னிங் ஆலைப் பஞ்சு. “ஊரெல்லாம் தூசி. இந்த அம்மா நெஞ்சுல இருக்கிறது மில்லுத் தூசின்னு எப்படிம்மா சொல்றீங்க?”

“ஊர்த் தூசி வியாழக்கிழமை லீவு எடுக்கலைங்க. மில்லுதான் எடுத்துச்சு” என்றேன்.

நீதிபதி பேனாவை நிறுத்தி என்னைப் பார்த்தார். லீவு மாறியதையும், எண்ணெயையும், வெள்ளிக்கிழமையையும் முதலிலிருந்து சொல்லச் சொன்னார். சொன்னேன். எழுதி முடித்ததும், எழுதியதை வாசித்துக் காட்டும்படி கேட்டேன். ‘பஞ்சுத் தூசி’ என்ற சொல் அதில் இருக்கிறது என்பதைக் காதால் கேட்ட பிறகுதான் கீழே இறங்கினேன். பெஞ்சில் உட்கார்ந்திருந்த சீனியம்மாள் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டார். தீர்ப்பு இன்னும் வரவில்லை. வரும்வரை அவர் உயிரோடு இருப்பேன் என்கிறார், அவர் சொன்னால் இருப்பார்.

ஆனால் வக்கீல் சொன்னதில் ஒரு விஷயம் பொய்யில்லை. ஊரெல்லாம் தூசிதான். ஜின்னிங் ஆலைகள் இருக்கும் தெருவில் பருத்தி வரத்து நாட்களில் காலையில் போட்ட கோலம் மத்தியானம் தெரியாது. குடத்து நீரில் பஞ்சு மிதக்கும். ஆலைக்குள் கொட்டை பிரிக்கிற பெண்களுக்கு மருந்தகம் கிடையாது, நர்சு கிடையாது. அந்தத் தெருவிலேயே ஒரு பள்ளிக்கூடமும் இருக்கிறது. டீக்கடையில் அணைக்க முடியாமல் எழுந்து போன வண்டிக்காரர் அந்தத் தெருக்காரர். மில்லைக் காப்பாற்றுவதற்காக வக்கீல் ஊரைக் காட்டிக்கொடுத்தார். அவர் காட்டிய பிறகு பார்க்காமல் இருக்க என்னால் முடியவில்லை.

அந்தத் தெருவில் வாசலை ஒட்டிய அறை ஒன்றை வாடகைக்கு எடுத்துவிட்டேன். காலையில் ஒரு தனியார் மருத்துவரிடம் வேலை, அது வாடகைக்கும் சோற்றுக்கும் ஆகிறது. ஆலைகள் ஞாயிற்றுக்கிழமை மூடுகின்றன. அதனால் சனிக்கிழமை மாலையும் திங்கட்கிழமை மாலையும் என் வாசலில் பெஞ்சு. முதல் வாரம் யாரும் வரவில்லை. அடுத்த வாரம் கொட்டை பிரிக்கிற பெண்கள் இரண்டு பேர் சிரித்துக்கொண்டே வந்தார்கள், அதற்கடுத்த வாரம் சிரிக்காமல் நிறையப் பேரைக் கூட்டி வந்தார்கள். பள்ளிக்கூடத்து ஆசிரியைகள் தாங்களே வந்து ஊதிவிட்டு, பிள்ளைகளையும் பார்க்க முடியுமா என்று கேட்டிருக்கிறார்கள். விருதுநகருக்குப் போய் டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அடுத்த மாதம் வந்து பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

இந்தத் திங்கட்கிழமை மாலை ஆலைக் கணக்குப்பிள்ளை வந்து நின்றார். வாசலில் இது என்ன கூட்டம், முதலாளி கேட்டு வரச் சொன்னார் என்றார். வரிசையில் உட்கார்ந்திருந்த பெண்கள் என் முகத்தைப் பார்த்தார்கள்.

“முதலாளியையும் வரச் சொல்லுங்கண்ணே. அவுகளையும் ஊதச் சொல்லிப் பாப்போம்” என்று சொல்லிவிட்டு அடுத்த குச்சியைக் கிழித்தேன்.